இந்த அறையில் இதற்கு முன் யார் இருந்தார்கள்?

கேள்வி இது: சிறுகதைகளிலும் கவிதைகளிலும் வீட்டுக்கார அம்மா ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறாள்? வந்தால் ஏன் பெரும்பாலும் கருமியாகவும் வேவு பார்ப்பவளாகவும் வருகிறாள்? எதில் படிக்கத் தொடங்கலாம்?

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம், தமிழில் அது ஒரு வேடிக்கை. 'என் வீட்டுக்காரர்' என்றால் கணவர். 'என் வீட்டுக்காரி' என்றால் மனைவி. வாடகை வாங்குகிற பெண்ணைச் சொல்ல நமக்குத் தனிச்சொல் இல்லாததால் ஒரு 'அம்மா'வை ஒட்டவைத்து 'வீட்டுக்கார அம்மா' என்று சமாளிக்கிறோம். பழைய சொல்லும் இதே திசையில்தான் போகிறது. இல்லாள் என்றால் மனைவி, வீட்டுக்கு உரியவள். அதன் ஆண்பாலாகத் தோன்றும் இல்லான் என்றால் ஒன்றும் இல்லாதவன். வாடகை பாக்கி வைத்திருக்கிற கதாநாயகர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள்.

ரஷ்ய மொழியிலும் இதே கதை. 'ஹஸ்யாய்கா' என்ற ஒரே சொல் இல்லத்தரசி, விருந்து படைப்பவள், வாடகைக்கு விடுபவள் என்று மூன்றுக்கும் வரும். தஸ்தயேவ்ஸ்கி 1847-ல் எழுதிய குறுநாவலின் தலைப்பே அதுதான். ஆங்கிலத்தில் 'லேண்ட்லேடி' என்று போட்டுவிட்டதால் ஏதோ வாடகைத் தகராறு என்று நினைத்துப் படிக்க உட்கார்கிறவர்கள், ஒரு கிழவனின் பிடியில் இருக்கும் இளம்பெண்ணின் காய்ச்சல் கனவு போன்ற கதையைக் கண்டு குழம்புகிறார்கள். உண்மையான வாடகை வீட்டு அம்மா அந்தக் கதையின் தொடக்கத்திலேயே வந்து போய்விடுகிறாள். அவள் ஓர் ஏழை விதவை. சொந்தக்காரர்களோடு போய் இருக்க ஊரைவிட்டுக் கிளம்புகிறாள், அதனால்தான் நாயகன் புது அறை தேட வேண்டியிருக்கிறது. அவள் காலி செய்கிறாள், கதை தொடங்குகிறது.

விதவை என்பது தற்செயல் இல்லை. இங்கிலாந்தில் 1870, 1882 ஆண்டுகளின் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டங்கள் வரும்வரை, மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் பெரும்பாலும் கணவன் கைக்குத்தான் போயின. தன் பெயரில் வீடு வைத்துத் தானே கணக்குப் பார்க்கக் கூடியவள் விதவை, கணவனைப் பிரிந்தவள், இல்லையென்றால் மணமாகாதவள். அவளுக்குக் கௌரவமாகச் செய்யக்கூடிய தொழில்கள் மிகக் குறைவு. வீடு இருந்தால் அறைகளை விடலாம், வேறு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அதே காலத்தில்தான் வேலை தேடி நகரத்துக்கு வரும் தனியாள் ஆண்களின் கூட்டமும் பெருகியது. குமாஸ்தா, மாணவன், எழுத்தாளன். மூன்றாவது ஆள் முக்கியம், ஏனென்றால் பேனா அவன் கையில். வாடகை கொடுக்க முடியாதவன் வாடகை கேட்டவளைப் பற்றி எழுதினான். அவள் கருமியாக, வேவுக்காரியாக வருவதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது. அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருந்தால் மாதக் கணக்கும் அழுக்குத் துண்டும் உடைந்த கோப்பையுமாக வேறு ஓர் இலக்கியம் கிடைத்திருக்கும்.

மீதிப் பாதிதான் எனக்குச் சுவாரசியம். கதைகளில் அவளுடைய உண்மையான பலம் வாடகையில் இல்லை, நினைவில் இருக்கிறது. இந்த அறையில் உங்களுக்கு முன் யார் இருந்தார்கள், எப்படிப் போனார்கள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். நீங்கள் போன பிறகு யார் வருவார்கள் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். நல்ல கதைகள் பலவும் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன.

ரோல்ட் டாலின் 'தி லேண்ட்லேடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1959-ல் நியூயார்க்கர் இதழில் வந்தது. (முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் தாண்டிவிடலாம்.) பதினேழு வயது பில்லி வீவர் வேலை விஷயமாக லண்டனிலிருந்து பாத் நகருக்கு வருகிறான். ஜன்னலில் ஒரு சிறு அறிவிப்பு, உள்ளே கணப்பு, அதன் முன்னே சுருண்டு தூங்கும் நாய், கூண்டில் கிளி. மணியை அழுத்துகிறான். விரலை எடுப்பதற்குள் கதவு திறக்கிறது. நின்றிருப்பவள் பள்ளி நண்பனின் அம்மா மாதிரி இருக்கிறாள். வாடகையோ அவன் கொடுக்கத் தயாராக இருந்ததில் பாதிகூட இல்லை. படுக்கையில் வெந்நீர்ப் பை ஏற்கெனவே வைத்தாயிற்று.

அப்புறம் அந்தப் பதிவேடு. கையெழுத்துப் போடச் சொல்கிறாள். அவனுக்கு முன் இரண்டே பெயர்கள், இரண்டும் சில ஆண்டுகள் பழையவை. எங்கேயோ செய்தித்தாளில் படித்த பெயர்கள் என்று பில்லிக்குத் தோன்றுகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. அவள் சொல்கிறாள்: அவர்கள் எங்கும் போகவில்லை, மேல்மாடியில்தான் இருக்கிறார்கள். நாயும் கிளியும் உயிருள்ளவை அல்ல, பஞ்சு அடைத்துப் பாடம் செய்தவை. தன் செல்லங்கள் செத்தால் தானே பாடம் செய்துவிடுவாளாம். தேநீரில் கசப்பு வாதுமை வாசம், சயனைடு விஷத்தின் அடையாளம். டால் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் எல்லாரும் தேநீரைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு உறைத்தது வேறு ஓரிடம். ஏன் பதிவேடு வேண்டும் என்பதற்கு அவள் சொல்லும் காரணம்: பெயர் மறந்துபோனால் கீழே வந்து புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம், அந்த இருவர் பெயரை இப்போதும் அநேகமாகத் தினமும் அப்படித்தான் பார்த்துக்கொள்கிறாளாம். ஆட்களையே வைத்துக்கொண்டிருக்கிறாள், பெயர்தான் தங்கவில்லை.

இதற்கு நேர் எதிரே ஓ. ஹென்றியின் 'தி ஃபர்னிஷ்டு ரூம்'. 1904-ல் எழுதியது. நியூயார்க்கின் பழைய சிவப்புக்கல் வீடுகள், மாதத்துக்கொருமுறை மாறும் குடித்தனங்கள். இடது புருவத்தருகே மச்சமுள்ள, காணாமல் போன பெண்ணைத் தேடி ஐந்து மாதமாக அலையும் இளைஞன் பன்னிரண்டாவது வீட்டு மணியை அடிக்கிறான். மிசஸ் பர்டி கதவைத் திறக்கிறாள். கொட்டையைத் தின்று கூடாக்கிவிட்டு, அந்த வெற்றிடத்தை நிரப்பச் சாப்பிடத்தக்க குடித்தனக்காரர்களைத் தேடும் கொழுத்த புழு போல அவள் அவனுக்குத் தோன்றுகிறாள். மூன்றாம் மாடிப் பின்னறை ஒரு வாரமாகக் காலி என்கிறாள். இந்த 'ஒரு வாரம்' என்ற சொல்லை முதல் வாசிப்பில் யாரும் கவனிப்பதில்லை.

அறையில் திடீரென அவன் தேடும் பெண்ணின் வாசனை வருகிறது. இளைஞன் மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டுக் கீழே ஓடுகிறான்: எனக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? மிசஸ் பர்டி ஒப்பிக்கிறாள். நாடகக்காரத் தம்பதி, அவர்களுக்கு முன் இன்னார், அதற்கு முன் இன்னார், மகன்கள் வாடகை கட்டிய கிழவர் ஒருவர் என்று ஓராண்டு வரிசை. அதற்கு முன்னால் ஞாபகமில்லை என்று பணிவாக முடிக்கிறாள். அவன் மேலே போய்க் கதவிடுக்குகளை அடைத்துவிட்டு எரிவாயுவைத் திறந்து விடுகிறான். கடைசிக் காட்சியில் மிசஸ் பர்டியும் தோழி மிசஸ் மெக்கூலும் நிலவறையில் உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னறையை விட்டுவிட்டேன், சென்ற வாரம் அதே அறையில் ஒரு பெண் எரிவாயுவில் செத்ததை மட்டும் சொல்லவில்லை என்கிறாள். அறை விட்டால்தானே நம் பிழைப்பு, சொன்னால் யார் எடுப்பார்கள் என்று தோழியும் ஒத்துக்கொள்கிறாள். அழகான பெண், இடது புருவத்தருகே அந்த மச்சம் மட்டும் இல்லாதிருந்தால் என்று பேச்சு தொடர்கிறது.

ஓ. ஹென்றியின் திருப்பங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, பல இடங்களில் கைவேலை தெரியும். இதில் தெரியவில்லை. காரணம், பொய் எவ்வளவு சிறியது என்பது. ஓராண்டுப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை விட்டுவிடுகிறாள், அவ்வளவுதான். கொடுமை செய்யும் எண்ணம் அவளிடம் துளியும் இல்லை. அறை காலியாகக் கிடந்தால் அடுத்த வாரம் அவள் சாப்பாடு என்ன ஆகும் என்ற கவலை மட்டும்தான்.

கவிதையில் இதே பொருளைத் தொட்டவர் பிலிப் லார்கின். 'மிஸ்டர் பிளீனி', 1964-ல் வந்த அவருடைய தொகுப்பில் முதன்மையான கவிதைகளில் ஒன்று. அதைப் படித்தவர்கள் அறையைப் பற்றிப் பேசுவார்கள்: ஜன்னல் விளிம்பைத் தொடாமல் ஐந்து அங்குலம் மேலே நின்றுவிடும் நைந்த திரை, அறுபது வாட் பல்பு, கதவுக்குப் பின்னால் கொக்கி இல்லை, புத்தகமோ பையோ வைக்க இடமில்லை. ஆனால் கவிதையின் முதல் வரியைப் பேசுவது யார் என்று கவனியுங்கள். இது மிஸ்டர் பிளீனியின் அறை என்று தொடங்கும் அந்தக் குரல் வீட்டுக்கார அம்மாவுடையது. என் தோட்டத்துத் துண்டு நிலத்தை அவர்தான் நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று அவளே தொடர்கிறாள். பெயர் கிடையாது, முகம் கிடையாது, இரண்டு மூன்று வாக்கியங்களோடு அவள் பேச்சு நின்றுவிடுகிறது. புதிதாக வந்தவன் அறையை எடுத்துக்கொள்கிறான், பிளீனி படுத்த இடத்தில் படுக்கிறான், அதே சிறு தட்டில் சிகரெட்டை அணைக்கிறான், பிளீனி வற்புறுத்தி அவளை வாங்க வைத்த, ரேடியோவோ டிவியோ ஏதோ ஒரு பெட்டி கீழே பேசிக்கொண்டே இருக்க, காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறான்.

பிளீனி எத்தனை மணிக்குக் கீழே வருவார், எந்தக் குழம்பு பிடிக்கும், கிறிஸ்துமஸுக்கு எந்த ஊருக்குப் போவார் என்பதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரிந்தது? அவள் சொல்லிச் சொல்லித்தான். கவிதையில் அந்த உரையாடல்கள் இல்லை. ஆனால் அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள் என்பது தெரிகிறது. நாளை இவன் போனபின் அடுத்தவனிடம் இவனைப் பற்றியும் சொல்லுவாள் என்பது தெரிந்துவிட்ட பிறகு, கவிதையின் இறுதியில் வரும் குளிர் எங்கிருந்து அடிக்கிறது என்பதும் தெரியும். டாலின் அம்மா செய்ததைத்தான் இவளும் செய்கிறாள், விஷம் இல்லாமல்.

தாமஸ் ஹார்டியின் 'ஆன் இமேஜினேட்டிவ் உமன்' (1894) இந்த வரிசையில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கடற்கரை ஊரில் குடும்பத்தோடு தங்க வரும் ஒரு பெண்ணிடம், இந்த அறைகளில் வழக்கமாக ஒரு கவிஞர் இருப்பார், உங்களுக்காகத்தான் விட்டுக்கொடுத்தார் என்கிறாள் வீட்டுக்கார மிசஸ் ஹூப்பர். படுக்கைக்கருகே சுவர்த்தாளில் அவர் பென்சிலால் கிறுக்கியதையும் காட்டுகிறாள். ஒருமுறைகூடப் பார்க்காத அந்த ஆள்மேல் அந்தப் பெண் மனதைப் பறிகொடுக்கிறாள். காதலை உண்டாக்குவதே வீட்டுக்கார அம்மாவின் பேச்சுதான். அவளுக்கோ தான் செய்தது என்னவென்று தெரியவே தெரியாது.

சரி, நினைவு அவளிடம் இருக்கிறது. அப்படியானால் பயமும் அவளிடம் இருக்கலாம் அல்லவா? இதை எழுதிப் பார்த்த இரண்டு கதைகள் ஒரே ஆண்டில், 1911-ல், வந்தன. ஒன்று மேரி பெலாக் லௌண்டஸின் 'தி லாட்ஜர்'. பின்னால் 1913-ல் நாவலாக விரிந்தது, 1927-ல் ஹிட்ச்காக் மௌனப் படமாக எடுத்தார். இன்னொன்று கானன் டாயிலின் 'தி ரெட் சர்க்கிள்', ஷெர்லாக் ஹோம்ஸ் கதை. இரண்டிலும் மாடியில் ஒரு புதிர் மனிதன், கீழே காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண். டாயிலின் மிசஸ் வாரன் ஹோம்ஸிடம் வந்து புலம்புகிறாள்: அவள் கேட்டதைவிட இரண்டு மடங்கு, வாரம் ஐந்து பவுண்டு தருகிறான், ஆனால் முகத்தைக் காட்டுவதில்லை, சாப்பாட்டை வாசலில் நாற்காலிமேல் வைக்கவேண்டும், வேண்டியதை அச்செழுத்தில் ஒரு சொல்லாக எழுதி வைக்கிறான். 'சோப்பு', 'தீக்குச்சி'. ஹோம்ஸ் அறிவாளிதான். ஆனால் எரிந்த தீக்குச்சியையும் சிகரெட் துண்டையும் கவரில் போட்டு எடுத்துவந்தது யார்? பாதித் துப்பறிதல் வீட்டிலேயே முடிந்துவிட்டது.

லௌண்டஸின் மிசஸ் பன்ட்டிங் போலீசுக்குப் போவதில்லை, அதுதான் அந்தக் கதையின் விசேஷம். அவளும் கணவனும் ஒரு காலத்தில் வீட்டு வேலைக்காரர்கள், இப்போது பட்டினியின் விளிம்பில். வந்தவர் முன்பணம் தருகிறார், மரியாதையாகப் பேசுகிறார். ஊரில் பெண்கள் கொலையாகிறார்கள். அந்த இரவுகளில் அவர் வெளியே போய் வருவது அவளுக்குத் தெரிகிறது. தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. வாடகை போய்விடும் என்பது ஒரு காரணம். அவர்மேல் அவளுக்கு ஒட்டுதல் வந்துவிட்டது என்பது இன்னொன்று. லண்டனில் பெண்களைக் கொன்று பிடிபடாமலே போன 'ஜாக் தி ரிப்பர்' வழக்கை வைத்து எத்தனையோ பேர் எழுதினார்கள். கொலைகாரனைக் காலையில் தட்டேந்திப் போய் எழுப்புகிற பெண்ணின் தலைக்குள் போனவர் இவர்தான். வீட்டுக்கார அம்மாவின் தரப்பு எங்கே என்று மேலே கேட்டேனே, ஓரளவுக்கு இங்கே கிடைக்கிறது.

இன்னொரு பழைய இழையும் இருக்கிறது: வீட்டுக்கார அம்மாவின் மகள். லூட்விக் ஊலாண்ட் 1809-ல் எழுதிய ஒரு ஜெர்மன் கதைப்பாட்டில் மூன்று இளைஞர்கள் ரைன் நதியைக் கடந்து ஒரு விடுதிக்கு வருகிறார்கள். அம்மா, நல்ல பீரும் ஒயினும் இருக்கிறதா, உங்கள் அழகான மகள் எங்கே என்று கேட்கிறார்கள். அவள் பதில் இரண்டே வரி: பீரும் ஒயினும் புதுசு, தெளிவாக இருக்கின்றன, என் மகள் பாடையில் கிடக்கிறாள். வியாபாரமும் சாவும் ஒரே மூச்சில், முதலில் வியாபாரம். அதற்குப் பின் மூன்று பேரும் பிணத்தருகே ஆளுக்கொரு பேச்சுப் பேசுகிறார்கள், பாட்டே அவர்களுக்காகத்தான். எனக்கு மனதில் நிற்பவள், பிணம் உள்ளே கிடக்க, கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லும் அந்தத் தாய். 'குற்றமும் தண்டனையும்' நாவலில் ரஸ்கோல்னிகோவ் தவிர்த்து ஒளிந்து படியிறங்குவதும் ஒரு வீட்டுக்கார அம்மாவை. அவன் ஒருகாலத்தில் மணக்க இருந்தது அவள் மகளை, அந்தப் பெண்ணும் காய்ச்சலில் இறந்துபோனாள்.

மகள் உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ஜாய்ஸின் 'தி போர்டிங் ஹவுஸ்' (1914). மிசஸ் மூனி கசாப்புக்காரரின் மகள். குடிகாரக் கணவனைப் பாதிரியாரிடம் சொல்லிப் பிரித்து அனுப்பிவிட்டு டப்ளினில் விடுதி நடத்துகிறாள். அறநெறிப் பிரச்சினைகளை அவள் கையாளும் விதத்தை, கத்தி இறைச்சியைக் கையாளும் விதத்தோடு ஜாய்ஸ் ஒப்பிடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பாருங்கள். சிற்றுண்டி முடிந்ததும் மிஞ்சிய ரொட்டித் துண்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்கிறாள், செவ்வாய்க்கிழமைப் புட்டிங்குக்கு. சர்க்கரையும் வெண்ணெயும் பூட்டியாகிறது. பிறகு கடிகாரத்தைப் பார்க்கிறாள். பதினொன்று பதினேழு. மகளோடு பழகிவிட்ட திரு. டோரனைக் கூப்பிட்டுத் திருமணத்தை முடிவு செய்துவிட்டு, பன்னிரண்டு மணிப் பூசைக்குப் போய்ச் சேர நேரம் தாராளம். துண்டு ரொட்டியை வீணாக்காதவள், இதையும் வீணாக்கவில்லை. அதே 1914-ல் ஜப்பானில் நட்சுமே சொசெகியின் 'கொகொரோ' தொடராக வந்துகொண்டிருந்தது. அதிலும் ஒரு விதவை, ஒரு மகள், அறை எடுத்த மாணவன். அம்மா நம்மை வளைத்துப் போடப் பார்க்கிறாளோ என்ற அதே சந்தேகம். ஆனால் அங்கே வஞ்சகம் செய்வது மாணவன்.

தாய்போல் சோறு போடுகிறவள் கணக்கும் எழுதுகிறாள் என்பதுதான் இவ்வளவு கதைகளுக்கும் அடியில் உள்ள உறுத்தல். காஃப்கா அதை உள்ளேயிருந்து காட்டிவிட்டார். 'உருமாற்றம்' கதையில் பூச்சியாகிவிட்ட கிரெகோர் சம்பாதிப்பது நின்றதும் குடும்பம் மூன்று பேரை வாடகைக்கு வைக்கிறது. அவர்கள் பெரிய மேசையில் உட்கார்கிறார்கள், குடும்பம் சமையலறையில் சாப்பிடுகிறது. அம்மா இறைச்சித் தட்டைக் கொண்டுவந்து வைக்க, நடுவில் இருப்பவர் வெந்ததா என்று வெட்டிப் பார்க்கிறார். அவர் தலையசைக்கும்வரை அம்மாவும் தங்கையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கவிதைக்கு வந்தால், உடம்பு போய்க் குரல் மட்டும் மிஞ்சுகிறது. வோலே சோயின்காவின் 'டெலிஃபோன் கான்வர்சேஷன்' பலருக்குத் தெரிந்திருக்கும். 1954-ல் லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன நைஜீரியர், பின்னால் 1986-ல் நோபல் பெற்றவர். கவிதையில் ஒருவன் வீட்டுக்கார அம்மாவிடம் தொலைபேசியில் அறை கேட்கிறான். வாடகை நியாயம், இடம் பரவாயில்லை, தான் அந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்று அவள் உறுதி சொல்கிறாள். மிச்சம் ஒன்றுதான்: நான் ஆப்பிரிக்கன் என்று இவன் ஒப்புக்கொள்கிறான். மௌனம். பிறகு கேள்வி: எவ்வளவு கறுப்பு? சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, சிவப்புத் தபால்பெட்டி, சிவப்பு இரட்டைமாடிப் பேருந்து. அவமானத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சிவப்பு. 'மேற்கு ஆப்பிரிக்க செபியா, பாஸ்போர்ட்டில் அப்படித்தான்' என்று அவன் பதில் சொல்லத் தொடங்கியதும் கை மாறுகிறது, கேலி செய்பவன் அவனாகிறான். மூலத்தில் அவள் கேள்விகள் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். தமிழில் பெரிய எழுத்தே இல்லை என்பதால் இதை மொழிபெயர்க்கிறவர் பாடு கஷ்டம்.

வீட்டில் தான் குடியிருக்கவில்லை என்று அவள் ஏன் சொல்லவேண்டும்? 'உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டியதில்லை, ஆகவே ஆட்சேபம் இருக்காது' என்று கேட்பவன் நம்புகிறான், அதையும் அவள் உடைக்கிறாள். பிரிட்டனில் நிறத்தைக் காட்டி வீடு மறுப்பதை 1968-ன் இன உறவுச் சட்டம்தான் தடை செய்தது. அதிலும், உரிமையாளர் தானும் குடியிருந்து இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் சிறு வீடுகளுக்கு விலக்கு இருந்தது. ஒரே கூரை என்பது சட்டத்துக்கும் தனி விஷயமாகத்தான் பட்டிருக்கிறது.

மார்கரெட் அட்வுட் 1968-ல் எழுதிய கவிதையில் அவள் கீழ்த்தளத்து அறைகளில் அலையும் ஒரு முரட்டுக் குரல். சமையல் வாசனை தரை வழியாக ஏறி வருகிறது, நாட்களைக் கதவுபோல் அறைகிறாள். பனியில் தப்பியோடுவதாகக் கனவு கண்டால், மிதித்து ஓடும் வெளி முழுதும் ஒரு பெரிய முகம், அவள் முகம். இங்கே அட்வுட் 'லேண்ட்லேடி' என்ற ஆங்கிலச் சொல்லை நடுவில் வெட்டி, நிலம் ஒரு வரியிலும் பெண் அடுத்த வரியிலுமாக வைக்கிறார். இதற்குத் தமிழில் என்ன செய்வது என்று யோசித்தபோது குறள் நினைவுக்கு வந்தது: 'இலமென்று அசைஇ இருப்பாரைக் காணின் நிலமென்னும் நல்லாள் நகும்.' ஒன்றுமில்லை என்று சோம்பிக் கிடப்பவனைப் பார்த்துச் சிரிக்கிற நிலப்பெண். வள்ளுவர் பேசியது உழவை. வாடகையை அல்ல. இருந்தாலும் மாதக் கடைசியில் படுக்கையில் கிடக்கும் குடித்தனக்காரன் காதில் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி விழும்.

குரல் மட்டும்தான் என்று இப்போதுதான் சொன்னேன், பி. கே. பேஜ் அதைப் பொய்யாக்குகிறார். அவருடைய கவிதையில் அவள் முழுக்கக் கண். குடியிருப்பவர்களின் இழுப்பறை, கடிதம், புகைப்படம் எல்லாம் அவர்களுடையவை, அவளுடையவையும்கூட. காதலியைப்போல எல்லாவற்றையும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் அவளுக்கு. வேவு பார்க்கிறவள் என்ற பழியை இந்தக் கனடியக் கவிஞர் மறுக்கவில்லை. அடியில் இருக்கும் தனிமையைக் காட்டிவிட்டு அப்படியே விடுகிறார்.

ஆண் உரிமையாளரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லாங்ஸ்டன் ஹியூஸ் 1940-ல் எழுதிய 'பாலட் ஆஃப் தி லேண்ட்லார்ட்' கூரை ஒழுகுவதில் தொடங்கிப் போலீஸ், சிறை, பத்திரிகைத் தலைப்பு என்று முடிகிறது. அந்த ஆள் வெளியிலிருந்து வருகிறவன், வரும்போதே சட்டத்தைக் கூட்டி வருகிறான். வீட்டுக்கார அம்மாவுக்குப் போலீஸ் தேவைப்படுவது அபூர்வம். படிக்கட்டு போதும்.

எப்போதும் கெட்டவள்தானா என்றால், இல்லை. ஹோம்ஸின் மிசஸ் ஹட்சன் இருக்கிறாள். சுவரில் துப்பாக்கிக் குண்டு, நள்ளிரவு வயலின், நாற்றமடிக்கும் ரசாயனம், எல்லாம் பொறுத்தவள். 'காலி வீடு' கதையில் ஹோம்ஸின் மெழுகுச் சிலையைக் கால்மணி நேரத்துக்கொருமுறை முழந்தாளிட்டு ஊர்ந்து போய் நகர்த்துகிறாள், எதிரியின் குறி அந்த ஜன்னல்மேல் இருக்கும்போது. மொத்தக் கதைகளிலும் அவளுக்கு முதற்பெயர் கிடையாது. கேலிக்கும் ஒருவர் உண்டு: ஸ்டீபன் லீகாக், 1910-ல் வந்த அவருடைய தொகுப்பில் விடுதி வாழ்க்கையை யூக்ளிடின் வடிவகணிதமாக எழுதியிருக்கிறார். அதில் வீட்டுக்கார அம்மா ஓர் இணைகரம், வரையறுக்க முடியாதவள், எதற்கும் சமமானவள். ஒற்றை அறை என்பது பகுதிகளும் பரிமாணமும் இல்லாதது.

எதில் தொடங்குவது? லார்கினையும் டாலையும் ஒரே நாளில் படியுங்கள், லார்கின் முதலில். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மறுநாள் ஓ. ஹென்றி. அதில் நடுவே அறையின் பழைய சாமான்களை அவர் வருணித்துக்கொண்டே போவார், பொறுமை போனால் அதைத் தாண்டலாம், ஆனால் மிசஸ் பர்டி முன்னாள் குடித்தனங்களை வரிசையாகச் சொல்லும் அந்தப் பத்தியை மட்டும் கதை முடிந்த பிறகு திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.